பாஸ் மீனுக்காகச் செய்த பிளாஸ்டிக் புழு, நம்ம ஊர் விராலுக்கு எப்படி? பல வருஷம் பயன்படுத்திய அனுபவம்

தூண்டிலில் உயிர் இரைக்குப் பதிலாகக் கோக்கும் மென்மையான சாஃப்ட் பிளாஸ்டிக் புழு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். தாமரையும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கும் குமரி மாவட்டத்துக் குளங்களில் விராலுக்குத் தூண்டில் போடுகிறவர் என்றால் வாங்கலாம். திறந்த தண்ணீரில் மட்டும் வீசுகிறவருக்கு இது அவ்வளவு அவசியமில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஸ்பூன், அதாவது கரண்டி வடிவ உலோக இரை, வாங்கினால் இன்னும் தூரம் போகும், நாலு வருஷம் உழைக்கும்.

இந்தப் புழு நம் மீனுக்காகச் செய்ததல்ல. அமெரிக்காவின் அக்ரான் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949-ல் வினைலை அச்சில் ஊற்றிச் செய்தது முதல் புழு. குறிவைத்தது அந்த ஊர் நன்னீர் மீனான பெரிய வாய் பாஸை. பிறகு அவருடைய தொழில் டெக்ஸாஸ் மாநிலத்து டைலர் நகருக்குப் போனது. அந்தப் பக்கத்து ஏரிகளில் மூழ்கிய மரமும் செடியும் அதிகம். முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வீச்சுக்கு வீச்சு சிக்கும். அதனால் முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்துவைக்கிற கட்டு உருவாயிற்று. அதைத்தான் இன்றைக்கும் டெக்ஸாஸ் ரிக் என்கிறார்கள். நம் குளத்தில் பாஸ் கிடையாது, வரவும் வேண்டாம். ஜப்பானில் அதைக் கொண்டுபோய் விட்டு, உள்ளூர் மீன்களை அது தின்று தீர்த்து, கடைசியில் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்த மீனுக்காக யோசித்த கட்டு நம் குளத்துக்கு அப்படியே பொருந்துகிறது. என் அனுபவத்தில் காசு கொடுத்து வாங்குவது புழுவை என்றாலும், மீன் பிடிப்பது கட்டுதான்.

கட்டும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வேண்டியது ஆஃப்செட் முள், அதாவது கண்ணுக்கு (நரம்பு கட்டும் ஓட்டைக்கு) கீழே படி மாதிரி ஒரு மடிப்பு உள்ள முள். முள் நுனியைப் புழுவின் தலை நடுவில் நேராகக் குத்தி, அரை சென்டிமீட்டர் உள்ளே போனதும் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். கண் தலைக்குள் போய் அமரும் வரை முள்ளை இழுத்து, பிறகு நுனி புழுவின் உடம்பைப் பார்க்கும்படி திருப்புங்கள். இப்போது புழுவைத் தொங்கவிட்டால் முள்ளின் வளைவு உடம்பில் எந்த இடத்தில் படுகிறது என்று தெரியும். அந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு, புழுவைச் சற்றே மேலே தள்ளிப் பிடித்து, அங்கே குத்தி மறுபக்கம் எடுக்க வேண்டும். நுனியை மட்டும் தோலுக்கு அடியில் லேசாகச் செருகிவிடுங்கள். விரலால் தடவினால் நுனி தட்டுப்படக் கூடாது, அழுத்தினால் வெளியே வர வேண்டும்.

புழு நேராக நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கொஞ்சம் கூன் விழுந்தாலும் இழுக்கும்போது தண்ணீரில் சுழலும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீனும் சந்தேகப்படும். முறுக்கு ஏறிய நரம்பை வெயிலில் நின்று பிரித்துக்கொண்டிருப்பதைவிட வீட்டுக்குப் போவது மேல்.

ஈயக்குண்டு விஷயத்தில்தான் பாஸ்காரர்கள் சொல்வதை நாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்கள் தோட்டா வடிவ ஈயத்தை முன்னால் ஓடவிட்டு, புழுவை அடியில் தட்டித் தட்டி இழுப்பார்கள். பாஸ் அடியில் கிடக்கும் இரையை வாயை விரித்து அப்படியே உறிஞ்சிவிடும். விராலின் வேலை வேறு. அதற்குச் செவுள் மட்டும் போதாது, அடிக்கடி மேலே வந்து காற்றை வாயால் எடுத்தாக வேண்டும். அதனால் பெரும்பாலான நேரம் இலைகளுக்கு அடியில், மேல் தண்ணீரை ஒட்டியே நிற்கும். எனவே நான் ஈயம் போடுவதே இல்லை. ஈயமில்லாத புழுவை இலைமேல் விழவைத்து, மெதுவாக இழுத்து, இடைவெளி வரும் இடத்தில் நழுவவிட்டு, அங்கே ஒரு நொடி நிறுத்தினால் அடி விழும். அந்தச் சத்தத்துக்காகவே மறுபடி மறுபடி போகலாம்.

அடி விழுந்த உடனே இழுக்கக் கூடாது. விராலின் தாடையில் பல் உண்டு, அது கடித்துப் பிடிக்கும், பிறகுதான் உள்ளே வாங்கும். நரம்பு நகர ஆரம்பித்ததும், தளர்ச்சியைச் சுற்றி எடுத்துவிட்டு, ராடை (தூண்டில் கோலை) உடம்பின் பலத்தோடு மேலே தூக்க வேண்டும். முள் முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்து, அப்புறம் எலும்பான வாயில் ஏற வேண்டும் இல்லையா? மெல்லிய ராடும் இழுபடுகிற நைலானும் இதற்கு ஆகாது. நாற்பது பவுண்டு தாங்கும் பிரெய்டை, அதாவது பின்னிய நரம்பை, நேராக முள்ளில் பாலோமர் முடிச்சுப் போட்டுக் கட்டுகிறேன். கலங்கல் தண்ணீரில் விரால் நரம்பைப் பார்த்துப் பயப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

அளவும் மாற வேண்டும். பாஸுக்கு ஏழு அங்குலப் புழு சாதாரணம். இங்கே அதைப் போட்டால் விரால் வாலை மட்டும் வெட்டிக்கொண்டு போகும், முள் இருப்பதோ தலைப் பக்கம். நாலு அங்குலத் தடித்த புழுவும், அதற்குக் கொஞ்சம் பெரிதான 4/0 அளவு அகல வளைவு முள்ளும் எனக்கு ஒத்துவருகிறது. நீளப் புழுதான் கையில் இருக்கிறது என்றால் தலைப் பக்கம் கொஞ்சம் வெட்டிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். மழை பெய்து செம்மண் கலங்கல் வந்தால் கறுப்பு, தெளிந்தால் பச்சைப் பழுப்பு. கடைக்காரர் காட்டும் மற்ற இருபது நிறமும் மீனைவிட நம்மைப் பிடிக்கத்தான்.

பூதப்பாண்டிப் பக்கத்துக் குளங்களில்தான் நான் அதிகம் வீசுகிறேன். ஜூனில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையிலிருந்து தண்ணீர் திறந்து சானல் வழியாகக் குளம் நிறையும்போது மீன் கரையோரப் புல்லுக்கு வந்துவிடும். அப்போது தூரம் வீசவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுகால் பாய்ந்தால் மறுகாலுக்குக் கீழே உள்ள தேக்கத்தைப் பாருங்கள். அடுத்த போகமான கும்பப்பூ அறுவடை முடிந்து பங்குனியில் தண்ணீர் வற்றும்போது நடுக்குளத்தில் மீன் கூடும், ஆனால் சகதியில் இறங்கிப் போகிற துணிவு வேண்டும். குளம் ஏலத்துக்குப் போயிருந்தால் ஏலம் எடுத்தவரிடம் கேட்டுவிட்டு வீசுங்கள், பெரும்பாலும் விராலுக்கு மறுக்க மாட்டார்கள், அது அவர்கள் விட்ட குஞ்சைத் தின்கிற மீன். தேரூர், சுசீந்திரம் குளங்கள் பறவைகளுக்கானவை, 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. அந்தப் பக்கம் தூண்டிலே கொண்டுபோக வேண்டாம்.

குளத்தங்கரையில் தவளையைக் கோத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் என் பெட்டியைப் பார்த்து, "லேய் மக்கா, இது ரப்பருல்லா? இதைத் தின்ன விராலுக்கு என்ன கிறுக்கா?" என்றார். "ஒரு தடவை போட்டுப் பாருங்க மாமா" என்று நீட்டினேன், வாங்கவில்லை. அன்றைக்கு அவருக்குத்தான் மீன் அதிகம். உயிர்த் தவளையை எந்தப் பிளாஸ்டிக்கும் ஜெயிக்காது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிளாஸ்டிக்கின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. தவளை தேடி அலைய வேண்டாம், ஒரே புழுவை நூறு தடவை வீசலாம், தவளை போட்டால் சிக்கிக்கொள்ளும் இலைக்கூட்டத்துக்குள் தைரியமாக எறியலாம்.

மற்றக் கட்டுகளைப் பற்றி இரண்டு வரி போதும். புழுவின் நடுவில் குத்தி இரண்டு பக்கமும் ஆடவிடும் வாக்கி ரிக், முள் வெளியே இருப்பதால் நம் குளத்தில் பாசியைத்தான் பிடிக்கும். ஈயத்தைத் தள்ளிக் கட்டும் கரோலினா ரிக் மணல் அடிக்கு நல்லது. குமரி மாவட்டத்துத் தாமிரபரணி (நெல்லைத் தாமிரபரணி அல்ல) கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் கொடுவாவுக்காக அதையும் தலையில் ஈயம் வார்த்த ஜிக் ஹெட் முள்ளில் துடுப்புவால் பிளாஸ்டிக்கையும் போட்டிருக்கிறேன். கொடுவா கிடைக்கும், ஆனால் அதற்குமுன் பேத்தை, அதாவது உடம்பை ஊதிக்கொள்ளும் மீன், வந்துவிடும். கத்தரித்த மாதிரி வட்டமாக வாலை வெட்டிப் போட்டுவிட்டு அது பாட்டுக்குப் போகும். பேத்தை இருக்கிற நாளில் பிளாஸ்டிக்கைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், காசுக்குக் கேடு.

உழைப்பு எப்படி? இது ரப்பர் அல்ல, பிவிசியும் அதை மென்மையாக்கும் எண்ணெயும். உப்பு சேர்த்த வகை எடையோடு தூரம் போகும், சீக்கிரம் மூழ்கும், சீக்கிரம் கிழியும். ஒரு விராலுக்கு ஒரு புழு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இறக்குமதிப் பாக்கெட் முந்நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது அது வலிக்கிறது. இழுத்தால் நீளும் டிபிஇ என்ற வேறொரு பிளாஸ்டிக் வகை பல்லுக்கு நன்றாகத் தாங்கும், மிதக்கவும் செய்யும், இலைமேல் இழுக்க அதுதான் வசதி. முள்ளை ஏற்றத்தான் சிரமம், வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். தலையில் ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்தால் நிற்கும். இந்த இரண்டு வகையையும் ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள், ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டியில் மடங்கிக் கிடந்த பிவிசிப் புழு அந்த மடிப்போடேயே நிற்கும். வெந்நீரில் போட்டு நேராக்கி, குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் ஓரளவு சரியாகும். கிழிந்ததை லைட்டரில் காட்டிய ஊசியால் ஒட்டவைக்கலாம், புகை நாற்றம் மோசம், திண்ணையிலோ மொட்டை மாடியிலோ வைத்துச் செய்யுங்கள்.

கிழிந்து ஒட்டமுடியாத துண்டைக் குளத்தில் எறிவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். அது மக்காது. மீன் விழுங்கினால் வயிற்றுக்குள் ஊதிக்கொள்ளும். சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர என்ன கஷ்டம்? இன்னொன்று, செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேலே கொதித்துக்கொண்டு போனால் அதன் அடியில் தாய் தகப்பன் நிற்கும். எதை வீசினாலும் அடிக்கும், அதனால்தான் வீசக் கூடாது. அந்த ஜோடி போனால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்குத் தீனி.

புதிதாகத் தொடங்குகிறவர் கறுப்பில் ஒரு பாக்கெட் நாலு அங்குலப் புழு, 4/0 ஆஃப்செட் முள் பத்து, அதோடு ஒரு நீள மூக்குப் பிளையர் வாங்கினால் போதும். பிளையர் இல்லாமல் விரால் வாயில் விரல் விடாதீர்கள்.