ரமணாசிரமத்தில் மூன்று நாள்: வாளியும் கயிறும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறேன். தியானம் பழகலாம், சமாதி சமாதி என்கிறார்களே அது என்னவென்று தெரிந்துகொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 54.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், ஒரு தியான வகுப்புக்கு 12,000 ரூபாய் கட்டினேன். இரண்டே நாளில் சமாதி அனுபவம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், இரண்டாம் நாள் எனக்கு ஏதோ நடக்கத்தான் செய்தது. உடம்பு இருப்பதே தெரியவில்லை. கண்ணீர் கொட்டியது. ஆனால் ஊர் திரும்பிய மூன்றாம் நாள், காஜா சரியாக எடுக்கவில்லை என்று கடையில் வேலை பார்க்கும் பெண்ணை அவள் அழும் அளவுக்குத் திட்டிவிட்டேன். அப்படியானால் எனக்குக் கிடைத்தது என்ன? போன் போட்டுக் கேட்டேன். அடுத்த நிலை வகுப்பு இருக்கிறது, 25,000 ரூபாய் என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

ரமணாசிரமத்தில் வகுப்பே கிடையாது. போகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அறைக்கோ சாப்பாட்டுக்கோ கட்டணம் இல்லை, மனம் இருந்தால் காணிக்கை போடலாம். கட்டில், மின்விசிறி, சுத்தமான குளியலறை, அவ்வளவுதான் அறை. கூட வந்த என் தங்கை ஆபீஸில் நின்றவரிடம், "தியானம் யாருங்க சொல்லிக் கொடுப்பாங்க?" என்று கேட்டாள். "பழைய ஹால்ல போய் உட்காருங்கம்மா" என்றார் அவர். வேறு ஒரு வார்த்தை இல்லை.

உட்கார்ந்தோம். பகவான் என்று எல்லாரும் சொல்லும் ரமண மகரிஷி 20 வருஷத்துக்கு மேல் இருந்த அறை அது. அவர் சாய்ந்திருந்த சோபாவில் இப்போது அவர் படம் இருக்கிறது. எதிரே தரையில் பத்து இருபது பேர். வெளியே மயில் அகவும், குரங்கு ஓட்டின் மேல் ஓடும். உள்ளே யாரும் அசைவதில்லை. முதல் நாள் எனக்கு முட்டி வலிதான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம், தமிழ்ப் பாராயணம் முடிந்து மறுபடி போய் உட்கார்ந்தபோது வலி இருந்தும் மனம் அதன் பின்னால் போகவில்லை. வெளிச்சமும் கண்ணீரும் எதுவும் இல்லை. சும்மா இருந்தேன்.

நம் பேச்சில் சமாதி என்றால் அடக்கம் செய்த இடம். ஆசிரமத்தில் அந்தச் சமாதிகளும் இருக்கின்றன. பகவானின் தாயார் அழகம்மாள் 1922-ல் காலமானார். அவர் சமாதிதான் இன்று மாத்ருபூதேஸ்வரர் கோயில். பகவானின் சமாதி பக்கத்திலேயே. லட்சுமி என்ற பசுவுக்கும் ஒரு சமாதி உண்டு. அங்கே நான் ரொம்ப நேரம் நின்றேன்.

இன்னொரு சமாதி, தியானத்தில் மனம் அடங்கும் நிலை. அதைப் பற்றி பகவான் சொன்ன விளக்கத்தைப் புத்தகக் கடையில் வாங்கிய ஒரு சின்னப் புத்தகத்தில் படித்தேன். கேவல நிர்விகல்ப சமாதி என்பது கயிற்றில் கட்டிய வாளி கிணற்றுத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பது போல. கயிற்றை இழுத்தால் வாளி மேலே வந்துவிடும். சகஜ நிர்விகல்ப சமாதி, ஆறு கடலில் கலந்தது போல. அதை யாராலும் பிரித்து எடுக்க முடியாது.

கிணற்றடியில் வளர்ந்தவள் நான். அறுந்து விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி விட்டு அப்பா எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். படித்தவுடனே அந்த 12,000 ரூபாய் வகுப்பு புரிந்துவிட்டது. வாளி உண்மையாகவே மூழ்கியிருந்தது. கயிறும் அப்படியே இருந்தது, காஜா விஷயத்தில் இழுத்தது.

பகவான் சொன்ன ஒரு கதையும் உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டு, அவன் கொண்டு வருவதற்குள் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். தலைமுறைகள் கழிந்து, சீடனும் போய், ஆறும் தடம் மாறிய பிறகு கண் திறந்தார். வாயில் வந்த முதல் வார்த்தை, தண்ணீர் எங்கே? மனம் ஒடுங்கிக் கிடந்ததே தவிர அழியவில்லை. மனம் ஒடுங்கும் மனோலயம் வேறு, மனம் அழியும் மனோநாசம் வேறு என்பதை இதைவிட எளிதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலையில் பெரிய கோயிலான அருணாசலேஸ்வரர் கோயிலுக்குப் போய், ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கத்தைப் பார்த்தோம். 1896-ல் பதினாறு வயசுப் பையனாக மதுரையிலிருந்து வந்த பகவான், பூச்சிகள் தொடையை அரித்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்த இடம். எல்லாரும் அதைத்தான் அதிசயமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அதே மனிதர் பிற்பாடு ஆசிரமச் சமையலறையில் விடியற்காலையில் உட்கார்ந்து காய் நறுக்கினார் என்பதுதான். கை வேலை செய்யும், உள்ளே அமைதி கலையாது. கத்தரிக்கோல் பிடிக்கிறவளுக்கு வேண்டியதும் அதுதானே.

சாப்பாடு தரையில் உட்கார்ந்துதான். மதியம் 11.30-க்கு மணி அடிக்கும். அதற்கு முன்னால் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போட்ட பிறகுதான் நமக்கு. ரசம் அருமை, காரம் குறைவு. கீழே உட்கார முடியாதவர்கள் முன்னாடியே கேட்டுக்கொள்வது நல்லது. பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் அமைதி தேட முடியாது. ஆசிரமத்தின் பின்பக்கத்திலிருந்து, பகவான் முன்பு மலைமேல் தங்கியிருந்த ஸ்கந்தாசிரமத்துக்கு மலைப்பாதை இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படிப்படியாகக் கற்றுத்தர வேண்டும் என்று நினைத்தால் இந்த இடம் ஒத்துவராது. அப்படிப்பட்டவர்களுக்கு முதல் நாள் வெறுமையாகவே போகும். தங்கைக்கு அப்படித்தான் போனது, மூன்றாம் நாள் அவளே என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

வந்து ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு பிளவுஸ் அளவு மாறிப்போய் அதே பெண் என் முன்னால் நின்றாள். கோபம் வந்தது. பகவான் கேட்கச் சொன்ன மாதிரி, இந்தக் கோபம் யாருக்கு வருகிறது என்று ஒரு தடவை உள்ளே கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. தையலைப் பிரித்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து மறுபடி தைத்தோம்.

கார்த்திகை தீபக் கூட்டம் ஓய்ந்ததும், தை மாதத்தில் நான்கு நாள் தங்க இடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.