சாயங்காலக் கணக்கில் விடியற்காலைப் பனி: எச்டிசி-2 தெர்மாமீட்டரும் போன் ஆப்பும்

நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை நீலகிரியில் காய்கறி, தேயிலை, பூ நாற்று வைத்திருப்பவர்களுக்குச் சாயங்காலம் 4 மணிக்கு ஒரே கேள்விதான். இன்றைக்கு மூடணுமா, வேண்டாமா? மூடினால் ஆள் கூலி. மூடாமல் விட்ட அன்றைக்கு உறைபனி விழுந்தால் நாற்றுப் பாத்தி கருகிப்போகும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எல்லார் கையிலும் இருப்பது போனில் வானிலை சொல்லும் ஆப். சில நூறு ரூபாய் கூடச் செலவழித்தால், கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றும் சேரும். அட்டையில் எச்டிசி-2 என்று போட்டு, பல கம்பெனிப் பெயர்களில் வருகிறதே, அந்த ரகம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆப்பை மட்டும் நம்பிப் பாத்தியைத் திறந்து போடாதீர்கள். தெர்மாமீட்டர் வாங்கலாம், காசுக்கு மோசமில்லை. ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே அது காட்டும் எண்ணையும் நம்பாதீர்கள்.

ஆப் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான ஆப்கள் தாமாக எதையும் அளப்பதில்லை. உலகம் முழுக்கக் கட்டம் போட்டு வானிலையைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல்களிலிருந்து எண்ணை எடுத்துக் காட்டுகின்றன. அவற்றில் நல்ல பெயர் எடுத்த ஐரோப்பிய மாடலுக்கே ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். அந்த அளவுக் கட்டத்துக்குள் தொட்டபெட்டா உச்சி, ஊட்டி ஏரிப் பள்ளம், கேத்திச் சரிவு எல்லாம் அடங்கிவிடும். உச்சி 2637 மீட்டர், ஊட்டி நகரம் சுமார் 2240 மீட்டர். மாடலுக்கு இது மொத்தமும் ஒரே சராசரி உயரம் கொண்ட மேடு.

சில ஆப்கள் உங்கள் இடத்தின் உயரத்தைப் பார்த்துத் திருத்தம் செய்கின்றன. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கு. பகலில் இது ஓரளவு சரி. உறைபனி விழும் இரவில் இதே திருத்தம் தலைகீழாகிவிடும். வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் ஊட்டிப் பக்கம் பள்ளமான தலைகுந்தாவில் புல்வெளி உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும் காலையில், மேட்டுத் தோட்டம் பச்சையாகவே நிற்கிறது. உயரம் குறைந்தால் சூடு கூடும் என்று திருத்தும் ஆப், பள்ளத்துக்காரருக்கு அன்றைக்குப் பார்த்துத் தப்பாகச் சொல்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘ஊட்டியில் 3 டிகிரி, உறைபனி கொட்டியது’ என்று செய்தி வந்தால், 3 டிகிரியில் எப்படி ஐஸ் பிடிக்கும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வானிலை நிலையத் தெர்மாமீட்டர் இருப்பது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள். ஆப் சொல்வதும் ஆள் உயரக் காற்றின் சூடுதான். தெளிந்த, அசைவற்ற இரவில் புல் நுனி அதைவிட 3 முதல் 5 டிகிரி கீழே போகும். கேரட் நாற்று இருப்பது புல் நுனி உயரத்தில்.

கம்பி வைத்த தெர்மாமீட்டரின் பலமே இங்கேதான். கம்பி முனையை இலை உயரத்தில் வைக்கலாம். தரைக்கு 5 சென்டிமீட்டர் மேலே, தலைக்கு மேல் வானம் திறந்திருக்க, ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள். மரத்தடி, கொட்டகை ஓரம், கல் சுவர் பக்கம் வேண்டாம். சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும். கம்பி சுமார் ஒன்றரை மீட்டர்தான், சிலவற்றில் அதைவிடக் குறைவு. ஆகவே மீட்டரும் வெளியில்தான் இருந்தாக வேண்டும். ஈரப்பதம் பார்க்கும் சென்சார் கம்பியில் இல்லை, மீட்டருக்குள் இருக்கிறது. தண்ணீர் படாமல் காற்று போய்வர, நாலைந்து பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டுக் கவிழ்த்து அடுக்கி, கீழ்த்தட்டுகளின் நடுவை வெட்டி, உள்ளே தொங்கவிட்டால் போதும். மூடுபனியில் நனைந்துவிட்டால் ஈரப்பதம் 99-இல் ஒட்டிக்கொண்டு மறுநாள் வெயில் ஏறும்வரை இறங்காது. இந்த ரகத்தின் பெரிய குறை அதுதான்.

வாங்கியதும் இரண்டு சோதனைகள். முதலாவது ஐஸ் சோதனை. ஐஸைப் பொடியாக நொறுக்கி டம்ளரை நிரப்பி, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். கம்பி முனையை நடுவில் பிடித்து 5 நிமிடம் வைத்தால் 0 காட்ட வேண்டும். 0.8 காட்டினால் இனி எப்போதும் 0.8 கழியுங்கள். கொதிநீரில் சோதிக்க நினைக்காதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கம்பிக்கும் அந்தச் சூடு ஆகாது. ஐஸ் உருகும் சூட்டை மலை உயரம் மாற்றுவதில்லை.

இரண்டாவது உப்புச் சோதனை. பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஓர் இரவு வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் 5 கூட்டிக்கொள்ளலாம். அட்டையிலேயே 1 டிகிரி, 5 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். திரையில் 0.1 டிகிரி வரை காட்டுவது வெறும் அலங்காரம்.

இனி கணக்கு. சூரியன் மறைந்ததும் மீட்டர் இருக்கும் இடத்தின் சூட்டையும் (கம்பி முனையின் சூட்டை அல்ல) ஈரப்பதத்தையும் குறியுங்கள். 100-இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, சூட்டிலிருந்து கழித்தால் பனிநிலை வரும், அதாவது காற்றிலிருக்கும் ஈரம் துளியாகத் தொடங்கும் சூடு. 13 டிகிரி, 55 சதவீதம் என்றால் 45-ஐ 5-ஆல் வகுத்து 9. 13-இல் 9 போக 4. பனிநிலையைத் தொட்டபின் துளி கட்டும்போது சூடு வெளிப்படுவதால் இறக்கம் மெதுவாகும். பனிநிலை 7, 8 என்று இருந்தால் அன்றைக்குப் பெரும்பாலும் நீர்ப்பனியோடு போய்விடும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தடுக்க ஆளில்லை. ஈரப்பதம் 50-க்குக் கீழே போனால் இந்தச் சுருக்குவழி பிசகும். 13 டிகிரி, 40 சதவீதத்துக்கு 1 என்று வரும். உண்மை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. ஆபத்தான இரவில் ஆபத்தைக் குறைத்துச் சொல்லும் பிழை என்பதால் கவனம் வேண்டும். மிக வறண்ட இரவில் வெள்ளையே படியாமலும் இலை கருகும்.

அடுத்தது எவ்வளவு இறங்கும் என்பது. கம்பி முனை 6 மணிக்கு 11.5, இரவு 9 மணிக்கு 6 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மணி நேரத்தில் 5.5 டிகிரி. இதே வேகத்தில் போனால் காலை 6 மணிக்கு மைனஸ் 10.5 என்று நேர்க்கோடு போட்டு அலறுபவர்கள் உண்டு. தரை அப்படிக் குளிர்வதில்லை. முதலில் வேகமாகவும், நேரம் போகப் போக மெதுவாகவும் இறங்கும். ஏறக்குறைய, கழிந்த நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிய இறக்கம் அது. நேரம் 4 மடங்கானால் இறக்கம் 2 மடங்கு. 3 மணி நேரத்தில் 5.5 என்றால் 12 மணி நேரத்தில் 11. காலை 6 மணிக்கு 0.5. ஐஸ் திருத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் விளிம்பில் நிற்கும் இரவு.

வானம் தெளிவாக, காற்று அசையாமல் விடியும்வரை இருந்தால்தான் இந்தக் கணக்கு. நள்ளிரவுக்கு மேல் மேகம் வந்து மூடினால் இறங்கிக்கொண்டிருந்த எண் ஏறத் தொடங்கிவிடும். காற்று வீசினாலும் மேலே இருக்கும் சூடான காற்று கலந்து பள்ளம் தப்பித்துக்கொள்ளும். கணக்கு பொய்த்தால் மீட்டரைத் திட்ட வேண்டாம்.

ஒரு சங்கடம், இரவு 9 மணிக்குக் கிடைக்கும் விடை மூடுவதற்கு உதவாது. தரைச் சூடு உள்ளே தங்க வேண்டுமானால் 4, 5 மணிக்கே மூடியாக வேண்டும். அந்த முடிவுக்கு ஆப்பும் நோட்டும் சேர வேண்டும். தினமும் மாலை 4 மணிக்கு ஆப் சொல்லும் மறுநாள் குறைந்த சூடு, காலையில் கம்பி காட்டிய குறைந்த சூடு, இரவு வானம் எப்படி இருந்தது, காற்று உண்டா என்று நாலு கட்டம். பத்துப் பதினைந்து இரவுகளில் உங்கள் பாத்திக்கான வித்தியாசம் தெரிந்துவிடும். ஆப் 6 சொன்ன தெளிந்த இரவுகளில் கம்பி பெரும்பாலும் 1 காட்டியிருந்தால், வித்தியாசம் 5.

பலரும் தவறுவது இங்கேதான். தெளிந்த இரவில் வித்தியாசம் 5, மேகமூட்ட இரவில் 1 என்றால் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்து 3 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 3 எந்த இரவுக்கும் பொருந்தாது. இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். அக்டோபரில் சேர்த்த வித்தியாசத்தை ஜனவரிக்குப் போடுவதும் அதே தப்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரக் காற்றில் வித்தியாசம் சிறுக்கும். ஜனவரி வறட்சியில் பெருகும். பக்கத்துத் தோட்டத்து நோட்டும், அவர் மேட்டிலும் நீங்கள் பள்ளத்திலும் இருந்தால், உதவாது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் அவரவர் நிலத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும்.

மீட்டரின் குறைந்த சூடு நினைவைச் சாயங்காலம்தான் அழிக்க வேண்டும். காலை 7 மணிக்குப் பார்த்த கையோடு அழித்தால், அப்போது இருக்கும் 2 டிகிரியே புதிய குறைந்த சூடாகப் பதிவாகிவிடும். அன்றிரவு 5-க்குக் கீழே இறங்காவிட்டாலும் மறுநாள் காலை 2 என்றே காட்டும். நோட்டில் இல்லாத குளிர் ஏறிவிடும்.

இரவில் தண்ணீர் தெளித்து உறைபனியைச் சமாளிக்க ஸ்பிரிங்ளர் வைத்திருப்பவர்களுக்கு 9 மணிக் கணக்கு நேரடியாகவே பயன்படும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஒரு கிராம் தண்ணீர் உறைந்தால் 80 கலோரி தரும், ஒரு கிராம் ஆவியானால் 600 கலோரிக்குப் பக்கத்தில் பிடுங்கிக்கொள்ளும். ஆரம்பித்துவிட்டுப் பாதி ராத்திரியில் டீசல் தீர்ந்து நின்றால், உறைந்து தரும் சூடு நின்று, நனைந்த இலையின் ஈரம் ஆவியாகிச் சூட்டைப் பிடுங்க, தெளிக்காத பாத்தியைவிட மோசமாகும். வெயில் ஏறி ஐஸ் உருகும்வரை ஓட்ட முடியாது என்றால் தொடவே வேண்டாம். அதற்குப் பதில் முந்தின நாள் மதியத்துக்குள் மண்ணை நனைத்துவிடுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும்.

பேட்டரி ஒற்றை டிரிபிள் ஏ. கூடவே வரும் மலிவுப் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அல்கலைன் போடுங்கள், மற்றது குளிரில் சுருண்டுவிடும். கம்பி மீட்டரில் நுழையும் இடத்தில் எலி கடிப்பதும் உண்டு. அங்கே ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிடலாம்.