ஆக்டேவ் மாண்டலினைப் ‘பெரிய மாண்டலின்’ என்று சொல்லும் கடையில் விடாதீர்கள்

“சார், இதுவும் மாண்டலின்தானே, கொஞ்சம் பெரிசு. விட்டுட்டுப் போங்க, பார்த்து வைக்கிறேன்.” இதைக் கேட்டதுமே வாத்தியத்தைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். வாத்தியத்தின் சொந்தக்காரர் வரவில்லை. அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

கடையின் பெயர் வேண்டாம். இதே தவறுகளைச் செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன, பெயரைவிடத் தவறைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

வாத்தியம் 22 அங்குல ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்) கொண்ட ஆக்டேவ் மாண்டலின். எட்டுத் தந்தி, நாலு ஜோடி, சுருதி ஜி-டி-ஏ-இ. மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே. சொல்லிவிட்ட வேலை மூன்று: ஜி, டி இரண்டு ஜோடிகளையும் ஆக்டேவ் ஜோடியாக மாற்றுவது, அதாவது ஒவ்வொன்றிலும் ஒரு தந்தி அப்படியே இருக்க மற்றது ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது, ஆக்‌ஷனை, அதாவது ஃப்ரெட்டுக்கு (விரல்பலகையின் குறுக்குக் கம்பி) மேல் தந்தி நிற்கும் உயரத்தை, குறைப்பது, ஒலியைப் பெருக்கிக்கு அனுப்பும் ஒரு பிக்கப் வைப்பது. மூன்றுக்கும் முழுப்பணமும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஜி ஜோடி சித்தார் மாதிரி கரகரத்தது, ஏ ஜோடி 7-ஆவது ஃப்ரெட்டைத் தாண்டினாலே சுருதி இறங்கியது, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை அசைத்தால் அசையவில்லை. எங்கள் பழுதுபார்க்கும் மேசையில் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் நட், அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரக் காடி வெட்டிய கட்டை. ஜி தந்திக்கு 0.046 அங்குலம், டி-க்கு 0.032 என்று வெட்டியிருந்த பழைய காடிகளை மாற்றவே இல்லை. அதிலேயே மெல்லிய தந்திகளைப் போட்டுவிட்டார்கள். 22 அங்குலத்தில் மேல் ஜி-க்கு 0.020, மேல் டி-க்கு 0.014 போன்ற வெறும் எஃகுத் தந்தி சரியாக இருக்கும். 0.046-க்கு வெட்டிய காடியில் 0.020 தந்தி எப்படி நிற்கும்? தொட்டிலில் குழந்தை புரள்வதுபோலப் புரளும். மீட்டும்போதெல்லாம் பக்கவாட்டில் நகர்ந்து காடியின் சுவரில் உரசும். அந்தக் கரகரப்பு அங்கிருந்து வந்ததுதான். காடி தந்தியைவிட 0.002 முதல் 0.003 அங்குலம்தான் அகலமாக இருக்கலாம். அதற்குமேல் போனால் கரகரப்பு. அதற்குக் கீழே போனால் தந்தி இறுகிப் பிடித்துக்கொண்டு, ட்யூன் செய்யும்போது ‘டிங்’ என்று துள்ளும்.

அதே நட்டில் இன்னொரு வேலையும் செய்திருந்தார்கள். ஆக்‌ஷனைக் குறைக்கச் சொன்னதற்கு நட்டை அரத்தால் தேய்த்திருந்தார்கள். இது அடிப்படைத் தவறு. 12-ஆவது ஃப்ரெட் தந்தியின் நடுவில் இருக்கிறது. நட்டில் அரை மி.மீ. தேய்த்தால் 12-இல் கால் மி.மீ.தான் குறையும். முதல் ஃப்ரெட்டிலோ ஏறக்குறைய முழு அரை மி.மீ.யும் போய்விடும். அங்கே இருக்க வேண்டிய இடைவெளியே மெல்லிய காகிதம் அளவுதான். ஆக, 12-இல் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, கைவைக்காத தந்தி மட்டும் முதல் ஃப்ரெட்டில் இடிக்கத் தொடங்கிவிட்டது. இடித்ததும் சூப்பர் க்ளூவையும் ஆப்பசோடாவையும் காடிக்குள் கொட்டி நிரப்பியிருந்தார்கள். அவசரத்துக்கு ஒரு கச்சேரியை ஓட்ட அந்த வித்தை போதும். சுற்றுக்கம்பி போட்ட தந்தி அதை வாள்போல அறுத்துக்கொண்டே இறங்கும், சில மாதத்தில் மறுபடி இடிக்கும்.

நட் உயரம் சரியா என்று நீங்களே பார்க்கலாம். தந்தியை 2-ஆவதுக்கும் 3-ஆவதுக்கும் நடுவே அழுத்திப் பிடியுங்கள். முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும், தந்தியை மேலிருந்து தட்டினால் மெல்ல ‘டிக்’ என்று கேட்க வேண்டும். வெளிச்சமே இல்லையென்றால் காடி ஆழம் அதிகம்.

ஆக்டேவ் ஜோடிக்கு நட் வெட்டுகிறவர் யோசிக்க வேண்டிய இன்னொன்று உண்டு, பல கைகாரர்களும் இங்கே சறுக்குகிறார்கள். தடித்த தந்தி 0.046, மெல்லியது 0.020, வித்தியாசம் 0.026 அங்குலம், அதாவது 0.66 மி.மீ. இரண்டு காடியின் அடியும் சமமாக இருந்தால் தடித்த தந்தி 0.66 மி.மீ. மேலே எழும்பி நிற்கும்; விரல் அதைத்தான் முதலில் அழுத்தும், மெல்லியது பாதி அழுந்தி ஒலி மழுங்கும். மேல்பக்கத்தைச் சமமாக்கினால் மெல்லிய தந்தி ஃப்ரெட்டிலிருந்து அவ்வளவு உயரத்தில் தொங்கும். அதை அழுத்திக் கொண்டுபோவதற்குள் சுருதி ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும். மெல்லியதைச் சற்றே உயர்த்தி, வாசித்துப் பார்த்து, மறுபடி ஓர் இழை தேய்த்து என்று போகிற வேலை இது. இதை அரை மணியில் முடித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மெல்லிய தந்தி ஜோடியில் எந்தப் பக்கம் வரவேண்டும் என்றும் அவர்கள் கேட்கவில்லை. மேல்பக்கம் இருந்தால் கீழ்நோக்கிய மீட்டில் மெல்லிய ஒலி முந்தி வரும், மறுபக்கம் இருந்தால் தடித்தது முந்தும். வாசிப்பவரின் விருப்பம் அது. நட்டும் சேடிலும் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் மேல்பாகம்) அதற்கேற்ப வெட்டப்படுவதால் பிறகு மாற்ற முடியாது.

அடுத்தது பிரிட்ஜ், அதாவது குதிரை. பெரிய அநியாயம் இங்கேதான். வாத்தியத்தோடு வந்த எபனி மரப் பிரிட்ஜை எடுத்துவிட்டு, கடையில் கிடந்த ரெடிமேட் மாண்டலின் பிரிட்ஜை வைத்திருந்தார்கள். பழையது என்ன ஆனது என்பதற்குப் பதில் இல்லை.

மாண்டலின் சேடிலின் மேல்விளிம்பைக் கவனித்திருப்பீர்கள், வளைந்து நெளிந்து போகும். அது அழகுக்காக இல்லை. மாண்டலினில் இ-யும் ஏ-யும் வெறும் எஃகு. ஏ கனமான வெறும் தந்தி என்பதால் அதற்குப் பின்தள்ளிய இடம் வேண்டும். டி சுற்றுக்கம்பி, உள்ளே இருக்கும் எஃகு மெலிசு, அதனால் அது மறுபடி முன்னால் வரும். ஆக்டேவ் மாண்டலினில் ஏ தந்தியே 0.022 மாதிரி சுற்றுக்கம்பி. அதற்குப் பின்தள்ளிய இடம் வேண்டாம். மாண்டலின் சேடிலை அங்கே வைத்தால் ஏ ஜோடி தேவையைவிட நீளமாகி, மேல் ஃப்ரெட்களில் சுருதி இறங்கும். கணக்குப் போட்டே பார்க்கலாம்: 22 அங்குல ஸ்கேலில் சேடில் 1 மி.மீ. பின்னால் போனால் 12-ஆவது ஃப்ரெட்டில் சுமார் 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். 2 மி.மீ. என்றால் 6. ஜோடித் தந்தி வாத்தியத்தில் 6 சென்ட் காதுக்கு நன்றாகவே தெரியும். ஏ-யைச் சரிசெய்ய மொத்த பிரிட்ஜையும் முன்னால் நகர்த்தியிருந்தார்கள். அதில் இ ஜோடி ஏறிவிட்டது.

சரி, நகர்த்தினார்களே, அதோடு விட்டார்களா என்றால் இல்லை. மேற்பலகையோடு ஒட்டிவிட்டார்கள்! இந்த வகை பிரிட்ஜை எப்போதும் ஒட்டக் கூடாது. அதைப் பிடித்துவைப்பது தந்தியின் அழுத்தம் மட்டுமே. 0.012, 0.022, 0.032, 0.046 என்ற சாதாரணக் கட்டில் எட்டுத் தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ இழுக்கும், அதில் ஒரு பங்கு பிரிட்ஜைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. அது போதும். ஒட்டியதற்குக் காரணம், பாதங்கள் வளைந்த பலகையில் உட்காரவில்லை, இடையில் சந்து இருந்தது. அந்தச் சந்தைப் பசையால் அடைத்திருந்தார்கள்.

பாதத்தைப் பொருத்துவது கடினமான வேலையும் இல்லை. பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் 80-ஆம் நம்பர் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே பார்க்க விரித்து, நகராமல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பிரிட்ஜின் அடிப்பாகத்தைத் தந்தி போகும் திசையிலேயே முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். சாய்க்காமல் பாதத்துக்கு அருகில் பிடித்து இழுக்க வேண்டும். மேலே பிடித்தால் பாதம் உருண்டையாகிவிடும். வடிவம் வந்ததும் 120, கடைசியில் 220. சுண்ணக்கட்டி தடவி ஒருமுறை இழுத்துப் பார்த்தால் எங்கே தொடவில்லை என்று தெரியும். முடிந்த பிறகு ஒரு சாதாரணக் காகிதம் எந்த ஓரத்திலும் நுழையக் கூடாது. ஒரு பாதத்தில் சந்து இருந்தால் ஒலி பாதியாகும், காலப்போக்கில் பிரிட்ஜ் சாய்ந்து வளையவும் செய்யும்.

தந்தி விஷயத்தில் கேட்காமல் ஒரு மாற்றம்: இ-க்கு 0.012-க்குப் பதில் 0.014. “மெலிசு அறுந்துடும்” என்றார்களாம். அந்த ஸ்கேலில் 0.012 தந்தி சுமார் 7.9 கிலோ இழுவையில் சௌகரியமாக நிற்கும். 0.014 போட்டால் 10.7 கிலோ. கனம் கொஞ்சம்தான் கூடுகிறது, இழுவை கனத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 36 சதவீதம் அதிகம். விரலுக்கு வலி, கழுத்துக்குச் சுமை. ஆக்டேவ் மாண்டலின் செட் கிடைக்கவில்லை என்றால் தனித்தனி கிட்டார் தந்திகளை வாங்கலாம், தவறில்லை. தந்திகளின் அடிநுனியைப் பிடிக்கும் டெயில்பீஸ் கொக்கியில் மாட்ட வளையம்தான் வேண்டும். கிட்டார் தந்தியின் நுனியில் இருக்கும் பித்தளைக் குண்டைக் கட்டிங் ப்ளையரால் விளிம்பில் நசுக்கி எடுத்தால் வளையம் கிடைத்துவிடும். முறுக்கு நறுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கப் போகும் இடத்தில் வாத்தியத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். சில நாடுகளில் இதையே ‘ஆக்டேவ் மண்டோலா’ என்கிறார்கள், சிலர் வெறும் ‘மண்டோலா’ என்கிறார்கள். மண்டோலா என்றே விற்கும் செட்டோ சி-ஜி-டி-ஏ-வுக்கு, குட்டையான ஸ்கேலுக்கு. ஸ்கேல் நீளமும் சுருதியும் சொல்லி வாங்குங்கள்.

பிக்கப் பற்றிச் சுருக்கமாக. தட்டுப் பீசோ (அதிர்வை மின்சைகையாக்கும் தட்டு) ஒலி எடுத்தது, ஆனால் உள்ளே ஒயரைக் கிளிப் போட்டுப் பிடிக்காததால் ஜி அடிக்கும்போதெல்லாம் அது பலகையில் தட்டியது. ஒயர் செருகும் ஜாக்குக்கான துளையைக் கைட்ரில்லால் ஒரே மூச்சில் போட்டிருந்தார்கள், ஓரத்தில் வார்னிஷ் பெயர்ந்திருந்தது. 12 மி.மீ. துளையைப் படிப்படியாக, ரீமரால் அகட்டித்தான் போட வேண்டும்.

கொடுப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை, அங்கிருந்து சேடில் வரை இருபக்கமும் அளந்து எழுதுங்கள். 12-இல் தந்தியின் உயரம்: ஜி-க்கு 2.0 முதல் 2.4 மி.மீ., இ-க்கு 1.5 முதல் 1.8 மி.மீ. என்பது வாசிக்க இதமான அளவு. முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டையும் அழுத்தினால் நடுவில் 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். நட், பிரிட்ஜ் இரண்டையும் அருகில் படமெடுத்து வையுங்கள். பில்லில் தந்தி கனங்கள், வேண்டிய ஆக்‌ஷன், மெல்லிய தந்தி எந்தப் பக்கம், கழற்றிய பாகங்கள் எல்லாம் திருப்பித் தர வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

அப்புறம் ஒரு கேள்வி: “எந்த வரிசையில் செய்வீர்கள்?” ஃப்ரெட் சமம், பிறகு கழுத்தின் வளைவு, பிறகு நட், பிறகு பிரிட்ஜ் உயரம், கடைசியில் பிரிட்ஜின் இடம். இந்த வரிசை வரவேண்டும். ஆக்‌ஷன் அதிகம் என்றதும் கை நட்டுக்குப் போனால் கிளம்பிவிடுங்கள்.

திருப்பி வாங்கும்போது கடையிலேயே உட்கார்ந்து, ஜோடியில் ஒரு தந்தியை விரலால் அணைத்துவிட்டு மற்றதை மட்டும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசியுங்கள். எட்டுத் தந்திக்கும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். பிறகு 12-ஆவது ஃப்ரெட்டில் தொட்டும் அழுத்தியும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். பிரிட்ஜின் பாதத்தில் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள்.

உங்கள் பிரிட்ஜையும் யாராவது ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், மரநார் பெயர்ந்து வரும். அசிட்டோனும் வேண்டாம், பசையோடு லேக்கர் வார்னிஷையும் கரைத்துவிடும். தந்திகளைத் தளர்த்தி, மெல்லிய வளையும் கத்தியை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, மரத்தின் ரேகை போகும் திசையில் பாதத்தின் அடியில் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துங்கள். ஆறினால் மறுபடி சூடாக்குங்கள். இந்த வாத்தியத்தில் அதற்கு ஒரு முழு மாலை ஆனது. இரண்டு பாதங்களும் நின்ற இடத்தில் வார்னிஷ் போய், வெள்ளையாக இரண்டு தடம் அப்படியே இருக்கிறது.