மாமல்லபுரம் கடற்கரை விடுதி: எல்லாப் பருவத்திலும் தங்கிப் பார்த்ததில்

கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் வாடகை கொடுக்குமுன் ஏசியைச் சோதியுங்கள். உப்புக்காற்று முதலில் அரிப்பது வெளியே மாட்டியிருக்கும் யூனிட்டைத்தான். அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் பொடிந்து, குழாயில் பொத்தல் விழுந்து, கேஸ் கசியும். காற்று வரும், குளிர்ச்சி இருக்காது. 24-இல் வைத்து, பால்கனிக் கதவைச் சாத்திக் கால்மணி நேரம் பாருங்கள். அறை குளிரவில்லையென்றால் பெட்டியைப் பிரிக்காமலே வேறு அறை கேளுங்கள். பால்கனித் தாழ்ப்பாளையும் ஒருமுறை போட்டு எடுத்துப் பார்ப்பது நல்லது, துருவேறி இறுகிப்போவது சகஜம்.

ஈரத் துண்டைக் கடல் பக்கம் காயப்போட வேண்டாம். படிந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் பிசுபிசுப்பு போகாது. ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துவந்தால் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்திருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாரல் கதவிடுக்கு வழியே உள்ளே வரும், அப்போது தோட்டத்தைப் பார்த்த அறையே மேல். அந்த மாதங்களில் கடலில் இறங்கவே கூடாது. மற்ற நாட்களிலும் இழுப்பு பலமாக இருக்கும், முழங்காலளவுக்கு மேல் போகாதீர்கள்.

சுற்றிப்பார்க்க, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வைத்துத் திட்டமிடுங்கள். கடற்கரைக் கோயில் காலை 6 மணிக்குத் திறக்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் அதற்குப் பிறகே எழுவதால் உதயத்தைக் கோயிலிலிருந்தே பார்க்கலாம். மே மாதத்தில் முடியாது. அடுத்து அர்ச்சுனன் தபசு. பாறை கிழக்கு பார்த்தது, காலை வெயிலில்தான் யானைகளும் கங்கை இறங்கும் பிளவில் இருக்கும் நாகங்களும் எடுப்பாகத் தெரியும். பிற்பகலில் எல்லாம் நிழல். ஐந்து ரதங்களில் பெரும்பாலானவை மேற்கு பார்த்தவை. நான்கு மணிக்கு மேல் போங்கள். கோயிலுக்கு எடுத்த நுழைவுச்சீட்டே அன்று ரதங்களுக்கும் செல்லும், தொலைக்காதீர்கள்.

வடக்கே சுமார் 5 கி.மீ.யில் சாளுவன்குப்பம் புலிக்குகை. பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பின் தோண்டி எடுத்த செங்கல் முருகன் கோயில். அவசரத்தில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

கடற்கரைக் கோயிலில் சுற்றுமதில் நந்திகளை நின்று பாருங்கள். பல, முகம் மழுங்கியவை. ஏசியை அரிக்கும் அதே உப்புக்காற்றுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஈடுகொடுத்த கல் அது. அலையைத் தடுக்கப் பாறைகள் கொட்டியிருக்கிறார்கள். கல்லில் ஊறிய உப்பை ஈரக் காகிதக் கூழ் பூசித் தொல்லியல் துறையினர் உறிஞ்சி எடுக்கிறார்கள். தயவுசெய்து சிற்பங்களைக் கையால் தொடாதீர்கள்.