ஏபிபி வேலையா, கம்பெனி சட்டப் பிரிவா?

அரசு வழக்கறிஞர் என்றதும் ஆட்சி மாறினால் மாறுகிறவர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். நான் சொல்ல வருவது அவர்களைப் பற்றி அல்ல. டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி வந்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசுத் தரப்பை நடத்துகிற உதவி அரசு வழக்கறிஞர்களான ஏபிபிகளைப் பற்றி. அவர்களில் ஒருவருக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றின் சட்டப் பிரிவிலிருந்து ஆண்டுக்கு 24 லட்சம் சி.டி.சி. (ஒருவருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 2 லட்சம் என்று மனம் உடனே வகுத்துவிடும். அந்த வகுத்தல் தப்பு.

ஏபிபியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படி 58% அகவிலைப்படியைச் சேர்த்தால் 88,638. ஓய்வூதியப் பங்காக 10% பிடித்தபின் சுமார் 80,000 கைக்கு வரும். வீட்டு வாடகைப்படி தனி. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாததால் தொடக்கத்தில் வருமான வரியும் கிடையாது.

இனி அந்த 24 லட்சம். அதில் 15% வேரியபிள், அதாவது கூடிக்குறையும் ஊக்கத்தொகை, என்று எழுதியிருந்தால் 3.6 லட்சம் ஆண்டு முடிவில்தான் வரும், அதுவும் கம்பெனி லாபத்தைப் பொறுத்து. அடிப்படைச் சம்பளம் பாதி என்றால், முதலாளி கட்டும் பி.எஃப். 1.44 லட்சமும் பணிக்கொடையான கிராஜுவிட்டி 57,000 சொச்சமும் இதே 24 லட்சத்துக்குள்தான் அடக்கம். கிராஜுவிட்டி கைக்கு வரப் பொதுவாக ஐந்து ஆண்டு அங்கே இருந்தாக வேண்டும். நம் பங்கு பி.எஃப்., வருமான வரி எல்லாம் போனால் மாதம் கைக்கு வருவது 1.28 லட்சம் அளவில் நிற்கும். ஆக, இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 1.2 லட்சம் அல்ல, 50,000-க்கும் கீழே. வாடகைப்படியையும் ஆண்டுக்கு 3% இன்கிரிமென்ட்டையும் சேர்த்தால் அது இன்னும் குறையும்.

ஓய்வூதியத்தைக் காட்டி மட்டும் யாரையும் தடுக்க மாட்டேன். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை. ஆனால் 60 வயது வரை வேலை நிச்சயம். கம்பெனி கைமாறினால் சட்டப் பிரிவையே கலைத்துவிடுவதும் உண்டு.

எனக்குக் கவலை தருவது கறுப்பு கவுன்தான். முழுநேரச் சம்பளத்துக்குப் போகிற வழக்கறிஞர் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டுத் தொழிலை நிறுத்த வேண்டும் என்கிறது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 49-ஆம் விதி. ஏபிபியும் சம்பளக்காரர்தானே என்று கேட்கலாம். கோர்ட்டில் வாதாடுவதுதான் அவருடைய வேலை, எனவே அவர் வழக்கறிஞராகவே தொடர்கிறார் என்று தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. அதனால் ஏழு ஆண்டு அனுபவம் காட்டி மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வை எழுதலாம். கம்பெனிக்குப் போனதும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

உச்ச நீதிமன்றத்தின் 2025 அக்டோபர் 31 தீர்ப்பு இன்னொன்றையும் தெளிவாக்கியது. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாமல் காக்க வழக்கறிஞருக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 132-ஆம் பிரிவு தருகிற பாதுகாப்பு, கம்பெனியின் சம்பள ஆலோசகருக்குப் பொருந்தாது. நிர்வாகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு மெயிலையும் நாளைக்கு யாரோ படிக்கக்கூடும் என்ற நினைப்போடுதான் எழுத வேண்டியிருக்கும்.

வேலையின் ருசியும் வேறு. காலையில் வாய்தா, பிறழ் சாட்சி, மதியம் ஸ்டேஷனிலிருந்து வரும் சார்ஜ் ஷீட்டைச் சரிபார்ப்பது என்று ஏபிபியின் நாள் ஓடும். கம்பெனிக்குப் போனால் ஒப்பந்தம், தொழிலாளர் சட்டம், தரவுப் பாதுகாப்பு. குற்ற வழக்கே நடத்திப் பழகியவர் ஒப்பந்தம் வரையக் கற்றுக்கொள்ளும்வரை முதல் ஆண்டு கஷ்டமாகத்தான் இருக்கும். கற்றுக்கொண்டால் மேலே போகும் வேகம் அரசில் கிடைக்காதது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நீதிபதி ஆகும் ஆசை இருப்பவர் இந்த 24 லட்சத்துக்குக் கிளம்ப வேண்டாம். அந்த ஆசை இல்லை, வீட்டுக் கடன் அழுத்துகிறது, காகித வேலை பிடிக்கும் என்றால் போகலாம். ஆனால் வேரியபிள் நீங்கலாகக் கைக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிவிட்டு, அதன்பிறகு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள். அதை அரசு ஏற்று ஆணை வரும்வரை புது வேலையில் சேரும் தேதியைச் சொல்லிவிடாதீர்கள்.