விலை கூடினால் எந்தப் பாகம் கூடுகிறது?

"காசுக்கேற்ற பணியாரம்" என்று சொல்லிச் சொல்லியே கடைக்காரர்கள் நம்மை விலை கூடிய பொருளின் பக்கம் நகர்த்திவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களோ, "எந்த ஃபேன் ஆனாலும் காற்றுதானே வரப்போகிறது" என்று மலிவானதைக் கையில் எடுக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை. ஃபேன், தோசைக்கல், மிக்ஸி, குக்கர், கருவிப் பெட்டி என எந்த வீட்டுப் பொருளானாலும், கூடுதலாகக் கொடுக்கும் பணம் எந்தப் பாகத்துக்குப் போகிறது, முதலில் கெட்டுப்போகும் பாகம் எது, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டால் கடையில் நின்று தடுமாற வேண்டியதில்லை.

ரூபாய் கணக்காகவே போட்டுப் பார்க்கக்கூடியது மின்விசிறி. 1200 மில்லிமீட்டர் சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 1,600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மின்னணுச் சர்க்யூட்டால் இயங்கி மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்தியது 3,000 ரூபாய் அளவில் வருகிறது. முழு வேகத்தில் முன்னது 75 வாட் இழுக்கும்; பின்னது 30 வாட்டில் ஏறக்குறைய அதே காற்றைத் தந்துவிடும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் கூடத்து ஃபேன் என்றால், மிச்சம் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் நம் மின்கட்டணத்தில் அது 32 யூனிட்.

அந்த 32 யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். கிராமத்தில் தனியாக இருக்கும் பாட்டியின் வீட்டு மீட்டர் அந்த நூறைத் தாண்டுவதே இல்லை என்றால், விலை உயர்ந்த ஃபேன் அங்கே ஒரு பைசாவைக்கூட மிச்சப்படுத்தாது. யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் கட்டும் நகரத்து வீட்டில் கூடுதலாகப் போட்ட 1,400 ரூபாய் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். இதைவிட லாபம் பார்ப்பது 500 யூனிட்டை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும் வீடு. அந்தக் கோட்டைத் தாண்டினால், மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101ஆம் யூனிட்டிலிருந்தே கட்டண விகிதம் மாறிவிடுகிறது. 520 காட்டும் மீட்டரை 490க்கு இறக்க ஒரு ஃபேன் போதும்.

பழுது என்று வந்தால் ஆட்டம் தலைகீழ். சாதாரண ஃபேன் சோம்பிச் சுற்றத் தொடங்கினால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். அதன் விலை நூறு ரூபாய்க்குள். தெருமுனை எலக்ட்ரீஷியன் ஸ்டூல் போட்டு ஏறி, பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போவார். பி.எல்.டி.சி. ஃபேனில் போவது சர்க்யூட் போர்டு. அந்தக் கம்பெனியின் ஆள்தான் வர வேண்டும், அந்தக் கம்பெனியின் போர்டுதான் பொருந்தும். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு போர்டு போனால், அதுவரை சேர்த்ததில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். ஆகவே இந்த வகையில் நட்சத்திரக் குறியீட்டோடு, போர்டுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் பில் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். என் தீர்ப்பு: கூடத்துக்கும் படுக்கையறைக்கும் விலை கூடியது, விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் அறைக்குச் சாதாரணமானது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். மின்தடையின்போது அதே பேட்டரி, மின்சாரம் குறைவாக இழுக்கும் ஃபேனை நெடுநேரம் ஓட்டும்.

தோசைக்கல்லில் கதை வேறு. இங்கே மலிவானதுதான் ஆயுளில் ஜெயிக்கிறது. பாத்திரக்கடையில் எடை பார்த்து வாங்கும் வார்ப்பிரும்புக் கல் பெரும்பாலும் நல்ல நான்ஸ்டிக் கல்லைவிட விலை குறைவு. நான்ஸ்டிக்கில் நாம் காசு கொடுப்பது மேலே உள்ள பூச்சுக்கு. முதலில் சாவதும் அதே பூச்சுதான். விலை கூடக்கூடப் பூச்சு தடிமனாகும், அடிப்பாகம் கனமாகும், சில ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். ஆனால் ஒரு நாள் யாராவது எவர்சில்வர் கரண்டியைப் போட்டுச் சுரண்டுவார்கள், அல்லது வெறும் கல்லை அடுப்பில் வைத்துவிட்டு தொலைபேசியை எடுக்கப் போவார்கள். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். கேஸ் அடுப்பில் காலியாகக் காயும் கல்லுக்கு அது எட்டாத சூடல்ல.

இரும்புக் கல்லைப் பழக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள ஒரே தொல்லை. அரிசி கழுவிய நீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, பாதியாக நறுக்கிய வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்து முதலில் ஊற்றும் சில தோசைகளைப் பிய்த்துத்தான் தின்ன வேண்டும். சூட்டில் எண்ணெய் இறுகிக் கறுப்புப் படலமாகப் பிடித்துக்கொண்ட பிறகு, மாவு ஊற்றி ஓரம் சிவந்ததும் தோசை தானாகக் கிளம்பி வரும். இந்தப் படலம் சிதைந்தால் மறுபடி எண்ணெய் தடவி உண்டாக்கிக்கொள்ளலாம். உரிந்த நான்ஸ்டிக்கை நம் வீட்டில் மீட்க வழியில்லை. அதே கல்லில் சப்பாத்தி போட்டால் மறுநாள் தோசை ஒட்டும் என்பதை எந்த மாமியாரும் மருமகளுக்குச் சொல்லாமல் விட்டதில்லை. இரண்டாவதாக ஒரு கல் வாங்கினாலும் செலவு அதிகமாகிவிடாது. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு மட்டும் நான்ஸ்டிக்கே சரி. வார்ப்பிரும்பைத் தூக்கி இறக்குவது அவர்களுக்கு ஆகாது. அது கை தவறித் தரையில் விழுந்தால் கல் உடையும், இல்லையென்றால் டைல்ஸ் உடையும்.

மிக்ஸியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்னிக்கும் பொடிக்கும் மட்டும் என்றால் 500 வாட் போதும். மாவும் அதிலேயே அரைக்கிறவர்கள் 750 வாட்டுக்குக் கீழே போக வேண்டாம். மோட்டாரில் தாமிரக் கம்பிச் சுற்று என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். அன்றாடம் தேய்வது ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரும், ஜாரில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷும்தான், அதுவும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிக்ஸியானாலும். அவை உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும் பிராண்டா என்று கேளுங்கள். விளம்பரத்தில் வரும் ஆறு ஜார்களில் நான்கு அலமாரியை விட்டு இறங்காது.

பிரஷர் குக்கரில் பேரம் பேசும் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 முதல் இதற்குக் கட்டாயம். குக்கரை முத்திரை பார்த்து வாங்கிவிட்டு, கேஸ்கெட்டையும் பாதுகாப்பு வால்வையும் நடைபாதையில் பாதி விலைக்கு வாங்குகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆவி அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பது அந்த இரண்டு சிறு பொருள்கள்தான்.

கருவிப் பெட்டிக்கு வருவோம். ஸ்குரூ டிரைவரில் ஐம்பது ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் நுனியின் எஃகில் இருக்கிறது. மலிவான ஸ்டார் டிரைவரை இறுகிய ஸ்குரூவில் வைத்து அழுத்தித் திருப்பினால் நுனியின் விளிம்புகள் மழுங்கி வழுக்கும். வழுக்கும்போது ஸ்குரூவின் தலையையும் வழித்துவிடும். கதவுக் கீலில் தலை வழிந்த ஒரு ஸ்குரூவைக் கழற்ற ஆசாரியைக் கூப்பிட்டால், அவர் கேட்கும் கூலியில் நல்ல டிரைவர் இரண்டு வாங்கலாம். கட்டிங் பிளேயரும் அப்படித்தான்: மலிவானதில் இரண்டு வாயும் சரியாகச் சேராது, ஒயரை வெட்டாமல் மடிக்கும். இவை இரண்டிலும் வஞ்சனை இல்லாமல் செலவிடலாம். சுத்தியலுக்கு அந்தக் கவலை இல்லை. பிடி தலையை விட்டுக் கழலாமல் இருந்தால் போதும்.

டிரில்லிங் மெஷினில்தான் பலரும் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். திரைச்சீலைக் கம்பிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் ஆண்டுக்கு நாலைந்து துளை போடுகிற வீட்டில் ஐயாயிரம் ரூபாய் மெஷின் பெட்டிக்குள் தூங்கும். கான்கிரீட் தூணிலோ கூரையிலோ துளைக்க வேண்டுமானால் அதுவும் திணறும். அதற்கு எலக்ட்ரீஷியன் கொண்டுவரும், இடித்துக்கொண்டே துளைக்கும் ரோட்டரி ஹேமர்தான் வேண்டும். செங்கல் சுவருக்குச் சாதாரண மெஷினே போதும், அடுத்த வீட்டில் இருந்தால் இரவலும் வாங்கலாம். கார்பைடு முனை வைத்த நல்ல டிரில் பிட்டை மட்டும் 6 மில்லிமீட்டரில் ஒன்று, 8 மில்லிமீட்டரில் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெஷினோடு இலவசமாக வரும் பிட் முனை மழுங்கிச் செங்கல்லை அரைத்துக்கொண்டே இருக்கும். துளை அகன்று, ஸ்குரூவைப் பிடித்து நிறுத்த உள்ளே செருகும் ராவல் பிளக் நிற்காமல் சுழலும்.