20, 20, 27, 27, 27: சென்னையின் எஃப்சியை நீலகிரியிலிருந்து பார்த்தால்

சென்னையின் எஃப்சி கால்பந்து அணி 2020-21 சீசனில் எடுத்தது 20 புள்ளி. அடுத்த சீசனிலும் 20. அதற்கடுத்து 27, மறுபடி 27, 2024-25இல் மறுபடியும் 27. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) புள்ளிப் பட்டியலில் பிடித்த இடங்கள் 8, 8, 8, 6, 11. டீம் அப்படியே தேங்கி நிற்கிறது என்று ரசிகர்கள் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதைவிட மோசம். 27 புள்ளி எடுத்த மூன்று சீசன்களில் ஆட்டங்களின் எண்ணிக்கை 20, 22, 24 என்று கூடியது. ஆட்டத்துக்கு 1.35 புள்ளி என்றிருந்தது 1.23 ஆகி, கடைசியில் 1.13க்கு இறங்கிவிட்டது. நாலு ஆட்டம் கூடுதலாகக் கிடைத்தும் ஒரு புள்ளி கூடவில்லை.

டிக்கெட், ரயில், ஜெர்சி, இரண்டு நாள் விடுப்பு என்று ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து இந்த அணிக்காகச் செலவு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது, எங்கே குறை, அது ஏன் வருகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் போய்வரும் பாடு. ஊட்டியிலிருந்து சென்னை சாலை வழியே சுமார் 550 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல். அணியின் சொந்த மைதானமான நேரு ஸ்டேடியம் பெரியமேட்டில், சென்ட்ரலிலிருந்து நடந்தே போகிற தூரம். இதுவரை சுகம்தான். திரும்புவதில்தான் சிக்கல். ஆட்டம் 7:30க்குத் தொடங்கினால் முடிய 9:20 தாண்டும். சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஒன்பதைத் தாண்டியதுமே கிளம்பிவிடும். அதை நம்பி டிக்கெட் எடுத்தவர் இரண்டாம் பாதி நடுவிலேயே எழுந்து போக வேண்டியதுதான். இரவு ஆட்டம் என்றால் கோவைக்குப் போகும் சேரன் எக்ஸ்பிரஸில்தான் எடுக்க வேண்டும். அது பத்து மணியை ஒட்டிக் கிளம்பும். காலையில் கோவையில் இறங்கி மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்ட் போய் ஊட்டி பஸ் பிடிக்கலாம். மாலை 5 மணி ஆட்டம் என்றால் மட்டும் நீலகிரி எக்ஸ்பிரஸ் தைரியமாக எடுக்கலாம்.

இதில் இன்னொரு முடிச்சு. 2024-25 சீசனின் அட்டவணையை லீக் இரண்டு பாதியாக வெளியிட்டது. ரயில் முன்பதிவோ 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள் என்றாகிவிட்டது. ஆட்டத் தேதி தெரிந்து, நேரம் உறுதியாகி, வார இறுதி ஸ்லீப்பர் டிக்கெட் எடுக்கப் போகும்போது வெயிட்டிங் லிஸ்ட் நீண்டிருக்கும். அட்டவணை வந்த அன்றைக்கே 5 மணி ஆட்டங்களைத் தனியாகக் குறித்து, 60ஆவது நாள் காலையில் பதிவு செய்துவிடுவது ஒன்றே வழி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் குன்னூர் மலைப்பாதை அடைபடும். அந்த மாதங்களில் கோத்தகிரி வழி இறங்குவதற்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

பையோடு ஸ்டேடியத்துக்குப் போகாதீர்கள். பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் எல்லாம் வாசலிலேயே பிரச்சினை ஆகும். சென்ட்ரல் கிளோக் ரூமில் வைத்துவிடலாம். ஆனால் பூட்டில்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள், ஒரு சின்னப் பூட்டு எடுத்துப் போங்கள். உள்ளே மைதானத்துக்கும் கேலரிக்கும் நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் ஓடுகிறது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்க விங்கில் நடப்பது புரியாது. அணியின் அமைப்பு எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டுமானால் மேல் தட்டுதான் சரி. சத்தமும் பாட்டும் வேண்டும் என்றால் பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் ரசிகர் கூட்டத்தோடு நில்லுங்கள். இந்த கிளப்பில் ஆண்டுக்கு ஆண்டு தரம் குறையாத ஒன்று அந்தக் கூட்டம்தான்.

மலை ரசிகருக்குச் சொந்த ஊர் ஆட்டத்தைவிட பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் நடக்கும் ஆட்டம் கிட்ட. ஊட்டியிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். ஆனால் முதுமலை-பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை உண்டு. ஆட்டம் முடிந்த கையோடு காரில் திரும்ப முடியாது. மைசூரில் தங்கிவிட்டு 6 மணிக்கு கேட் திறக்கும்போது பந்திப்பூரில் நிற்கிற மாதிரி கிளம்புவது நல்லது.

அந்த கண்டீரவாவில்தான் 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவை 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது ஐஎஸ்எல் கோப்பையை எடுத்தார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூருவின் சேத்ரி கோல் போட்டபோது முடிந்தது கதை என்றுதான் தோன்றியது. சென்னையின் டிஃபெண்டர் மெயில்சன் ஆல்வ்ஸ் இரண்டு கார்னரில் இரண்டு முறை தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. அன்றைய அணியில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கார்னருக்கு யார் எந்தப் பக்கம் ஓடுவது, பந்து பறிபோனால் மிட்ஃபீல்டில் யார் நிற்பது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. ஒரே ஆட்கள் ஒன்றாகப் பல மாதம் ஆடினால் மட்டும் வருகிற ஒழுங்கு அது. அதைத்தான் நிர்வாகம் திரும்பத் திரும்பக் கலைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த சீசனிலேயே, 2018-19இல், 18 ஆட்டத்தில் 9 புள்ளியோடு கடைசி இடம். 2019-20 தொடக்கத்திலும் அதே கதை. ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி, கோச் ஜான் கிரிகரி விலகினார். அவர் இடத்துக்கு ஓவன் காயில் வந்தார். ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார், பின்னாலிருந்து கிரிவெல்லாரோ பந்து கொடுத்தார். 18 ஆட்டத்தில் 29 புள்ளி, நான்காவது இடம். அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என்று தாண்டி இறுதிக்குப் போய் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 1-3 என்று தோற்றார்கள். ஆட்டத்துக்கு 1.61 புள்ளி. அதன் பிறகு 2024-25 வரை அந்த உயரத்தை அணி தொடவில்லை.

2020 கோடையில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் வேர். காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். 2022இல் காயிலின் ஜாம்ஷெட்பூர் லீக் சுற்றில் முதலிடம் பிடித்து ஷீல்டை வென்றது. சென்னையில் கோச்சாக சாபா லாஸ்லோ வந்தார். கிரிவெல்லாரோ காயத்தில் வெளியேறியதும் பந்தைக் கொடுக்க ஆள் இல்லை. 2020-21இல் 20 ஆட்டத்தில் 17 கோல், 11 டிரா. டிஃபென்ஸ் நன்றாக இருந்தது, கோல் அடிக்க ஆள் தேவை. பிரச்சினை அவ்வளவு தெளிவாக இருந்தும் அடுத்த ஆண்டு மாற்றியது கோச்சை. பாண்டோவிச் காலத்தில் அடித்தது மறுபடியும் 17, வாங்கியது மட்டும் 23இலிருந்து 35 ஆனது. 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 தோற்றதும் அவரும் போனார், சபீர் பாஷா மீதி ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு பிரடாரிச். முன்னேறி நெருக்கும் ஆட்டம், 36 கோல் அடித்து 37 வாங்கினார்கள். அது பார்க்கப் பார்க்க ருசியான சீசன். எல் கயாத்தி பந்தைத் தொட்டாலே கேலரி எழுந்து நிற்கும். டிஃபென்ஸில் இரண்டு நல்ல ஆள் சேர்த்திருந்தால் போதும் என்ற நிலை.

2023 கோடையில் பிரடாரிச் இல்லை, எல் கயாத்தி இல்லை, ஸ்ட்ரைக்கர் ஸ்லிஸ்கோவிச் ஜாம்ஷெட்பூருக்கு. கேப்டன் அனிருத் தாபா மோகன் பகானுக்கு. 2018 கோப்பையைத் தூக்கிய காலத்திலிருந்து இருந்த மிட்ஃபீல்டரை, 25 வயதில், நேர்ப் போட்டியாளரிடம் விட்டார்கள். அதற்கு முன்பு விங்கர் சாங்தேயை 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்கு விட்டார்கள். அவர் போன வேகத்தில் 2022-23க்கான இந்தியாவின் சிறந்த வீரர் ஆனார். வெளிநாட்டு வீரர் ஒரு சீசனில் போவது சகஜம். களத்தில் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டவர்தான் ஆட முடியும் என்ற விதியில், மீதி ஏழு இந்தியர்கள்தான் அணியின் முதுகெலும்பு. அதில் மிகச் சிறந்த இருவரைக் கைநழுவ விட்டுவிட்டு, ஒவ்வொரு ஆண்டும் ஒரு புது ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவந்தால் கோல் எங்கிருந்து வரும்?

காயில் 2023இல் திரும்பினார். முதல் ஆண்டில் ஆறாவது இடம், பிளேஆஃபில் கோவாவிடம் 1-2. இரண்டாவது ஆண்டில் 13 அணிகளில் 11ஆவது. 2025இல் அவரும் விலகி, கிளிஃபர்ட் மிராண்டா வந்தார். இந்தியக் கோச்சை நம்பியது சரியான முடிவு. ஆனால் 2019 முடிவிலிருந்து எண்ணினால் லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச், இரண்டு முறை காயில், 2025இல் மிராண்டா. ஒவ்வொருவரும் வேறு வேறு ஆட்டம் ஆடுபவர்கள். ஒருவருக்காக வாங்கிய வீரர் அடுத்தவருக்குப் பயன்படவில்லை.

2025 ஜூலையில் லீகே நிறுத்திவைக்கப்பட்டதற்கு இந்த நிர்வாகத்தைக் குறைசொல்வது நியாயமில்லை. அது இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கல். ஆண்டுதோறும் பங்கேற்புக் கட்டணம் கட்டி நடத்துகிற கிளப் எதுவும் லாபத்தில் புரளவில்லை என்பதும் தெரிந்ததே. ஆனால் பணம் இல்லை என்பது மட்டும் காரணமாகாது. நார்த் ஈஸ்ட் யுனைடெட்டைப் பாருங்கள். 2022-23இல் 20 ஆட்டத்தில் ஒரே வெற்றி, 5 புள்ளி, கடைசி இடம். ஹுவான் பெத்ரோ பெனாலியைக் கோச்சாக்கி, அவரையே வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஏழாவது, 2024இல் மோகன் பகானை வீழ்த்தி டுராண்ட் கோப்பை, 2024-25இல் நான்காவது. ஸ்ட்ரைக்கர் அஜராய் ஒருவரே அந்த சீசனில் 23 கோல். சென்னை மூன்று முறை 27 எடுத்த அதே மூன்று ஆண்டுகள் அவை.

2024-25 வரை ஐஎஸ்எல்லில் கீழிறக்கம் இல்லை. 11ஆவதாக முடித்தாலும் அடுத்த ஆண்டு அதே லீக்தான். கீழே விழும் பயம் இருந்திருந்தால் தாபாவை அப்படி விட்டிருக்க மாட்டார்கள் என்பது எங்கள் கணிப்பு.

நீலகிரிக்கு இது கூடுதலாக வலிக்கக் காரணம் உண்டு. ஊட்டியிலிருந்து 86 கிலோமீட்டரில், கோவை நேரு ஸ்டேடியத்தில், சென்னை சிட்டி எஃப்சி இருந்தது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஐஎஸ்எல்லுக்கு வெளியே நடக்கும் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் சாம்பியன் ஆனது. பெத்ரோ மான்சி 21 கோல் போட்ட சீசன். 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த கிளப்பே இல்லை. காலையில் பஸ் ஏறி இரவில் வீடு திரும்பிவிடக்கூடிய ஓர் அணி அப்படிப் போனது. இப்போது தமிழ்நாட்டுக்கு முதல்நிலை லீக்கில் இருப்பது சென்னையின் மட்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் பையன்கள் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் ஜெர்சி போடுகிறார்கள். அந்த அணி ஒரு முறைகூட ஐஎஸ்எல் கோப்பையை வென்றதில்லை, இரண்டு வென்ற அணி நம்முடையது. ஆனாலும் கோத்தகிரி காந்தி மைதானத்தில் பந்து உதைக்கும் ஒரு பதினாலு வயதுப் பையனுக்கு, சென்னையின் என்றால் யார் முகம் நினைவுக்கு வரும்? சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஒடிசாவிலும் ஈஸ்ட் பெங்காலிலும் பெயர் எடுத்தார். சிவகங்கைப் பக்கத்து சிவசக்தி நாராயணன் பெங்களூருவில் கோல் அடித்தார். இந்த இருவரையும் சென்னையின் நீல ஜெர்சியில் பார்த்திருக்க வேண்டும்.

இனி காசுக் கணக்கு. மலையில் இருப்பவர்களுக்கு முழு சீசன் டிக்கெட் வேண்டாம். இரவு ஆட்டங்கள் பாதிக்கு மேல் வீணாகும். சனிக்கிழமை 5 மணி ஆட்டங்களுக்குத் தனித்தனியாக எடுங்கள், கூடவே பெங்களூரு ஆட்டம் ஒன்று. ஜெர்சி வாங்குங்கள், ஆனால் வெளிநாட்டு வீரர் பெயரை முதுகில் அச்சிட வேண்டாம், மறு சீசனில் அவர் வேறு நிறத்தில் இருப்பார். சீசன் தொடங்கும் முன் ஒரே ஒரு பட்டியலைப் பாருங்கள்: சென்ற ஆண்டு அதிக நிமிடம் ஆடிய ஏழு இந்தியர்களில் எத்தனை பேர் மீண்டும் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று. ஐந்துக்கு மேல் இருந்தால், கோச்சும் அவரேயானால், அட்டவணை வந்ததுமே சென்ட்ரலுக்கு டிக்கெட் தேடத் தொடங்கலாம். மூன்றுக்குக் கீழே என்றால் முதல் ஐந்து ஆட்டத்தை வீட்டில் டிவியில் பார்த்துவிட்டு, கார்னரில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது களத்தில் இருப்பவர்களுக்கே தெரிகிறதா என்று கவனித்துவிட்டு, பிறகு கிளம்பினால் போதும்.